கறுப்பு வெள்ளையில் ஜாக் கிர்பி

பணி ஓய்வுக்குப் பிறகு என் புத்தக அலமாரியை ஒழுங்குபடுத்த முனைந்தபோது, பொருளாதார நூல்களின் வரிசைக்குப் பின்னாலிருந்து ஐந்து தடித்த தொகுதிகள் வெளிப்பட்டன. அவற்றை அங்கே வைத்தவன் நானேதான். பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் படிக்கிறார் என்பது வீட்டுக்கு வரும் மாணவர்களின் கண்ணில் பட வேண்டாம் என்ற கூச்சம் அன்று இருந்தது. இன்று மாணவர்களும் இல்லை, கூச்சமும் இல்லை.

அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் 1990-களின் பிற்பகுதியில் 'எசென்ஷியல்' என்ற பெயரில் வெளியிடத் தொடங்கிய மலிவுப் பதிப்புகள் அவை. ஒவ்வொன்றும் ஐந்நூறு பக்கத்துக்குக் குறையாது. 1960-களில் வண்ணத்தில் வந்த இருபது, இருபத்தைந்து இதழ்களை வரிசையாகக் கோத்து, வண்ணத்தை நீக்கி, நாளிதழ்த் தாளைவிடச் சற்றே மேலான ஒரு தாளில் அச்சிட்டு, பதினைந்து டாலருக்குள் விற்றார்கள். அந்நிறுவனம் 1996 டிசம்பரில் நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கோரியிருந்தது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம். ஏற்கெனவே கூலி கொடுத்து முடித்துவிட்ட பழைய சரக்கை மிகக் குறைந்த செலவில் மீண்டும் சந்தைக்குக் கொண்டுவருவது, கையிருப்புக் குறைந்த எந்த வணிகரும் எடுக்கக்கூடிய முடிவுதான். நியூ ஜெர்சியில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குச் சென்றிருந்தபோது, ஒரு பழைய புத்தகக் கடையில் தொகுதி ஐந்து டாலர் வீதம் இவற்றை வாங்கினேன்.

வண்ணம் இல்லாதது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியபோது இரும்புக்கை மாயாவியைச் சாணித்தாளில் படித்த தலைமுறை நாங்கள். கோடுகளுக்குள் நிறத்தை நாமே இட்டுக்கொள்வது பழகிய வேலை.

ஆனால் இம்முறை வேறொன்றைக் கவனித்தேன். அக்காலத்து அமெரிக்க காமிக்ஸில் வண்ணம் என்பது கடைசியில், வேறொருவரால், அவசரமாகப் பூசப்பட்ட ஒரு போர்வை. அதை நீக்கிவிட்டால் எஞ்சுவது வரைந்தவரின் உழைப்பு மட்டுமே. 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' மூன்றாம் தொகுதி 1965-ஆம் ஆண்டின் 41-ஆம் இதழில் தொடங்குகிறது. முதல் மூன்று இதழ்களில் பென்சில் கோடுகளின் மேல் மை தீட்டியவர் வின்ஸ் கொலெட்டா. நான்காவதான 44-ஆம் இதழிலிருந்து ஜோ சின்னாட். வண்ணத்தில் படிப்பவர் இந்த மாற்றத்தை எளிதில் தாண்டிப் போய்விடலாம். கறுப்பு வெள்ளையில் அது முகத்தில் அறைகிறது. மயிரிழைபோல் சிதறிக் கிடந்த கோடுகள் ஒரே இதழில் இரும்பை வார்த்ததுபோல் உறுதி கொள்கின்றன. அந்த இரண்டு மைகளுக்கும் அடியில் மாறாமல் இருக்கும் கை ஒன்றுதான். 'அவெஞ்சர்ஸ்' முதல் தொகுதியில் எட்டு இதழ்கள் வரை அந்தக் கை இருக்கிறது. ஒன்பதாம் இதழில் டான் ஹெக் என்ற வேறொரு நல்ல ஓவியர் வருகிறார், உடனே அறையின் கூரை தாழ்ந்துவிட்டதுபோல் தோன்றுகிறது. 'எக்ஸ்-மென்' தொகுதியிலும் இதே கதைதான்.

அந்தக் கைக்குச் சொந்தக்காரர் ஜாக் கிர்பி. அவர் மறைந்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அவர் பங்கேற்று உருவாக்கிய பாத்திரங்களைத் திரையில் பார்த்தவர்கள் உலகெங்கும் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள்.

1917 ஆகஸ்டு 28-இல் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைட் பகுதியில், எசெக்ஸ் தெருவில் அவர் பிறந்தார். இயற்பெயர் ஜேக்கப் கர்ட்ஸ்பர்க். பெற்றோர் ஆஸ்திரியப் பேரரசின் பகுதியிலிருந்து குடியேறிய யூதர்கள். தந்தை பெஞ்சமின் ஆடைத் தொழிற்சாலையில் தையல் தொழிலாளி. ஒண்டுக் குடித்தனங்கள் நெருக்கியடித்த தெருக்கள், தெருவுக்குத் தெரு சிறுவர் கும்பல்கள், நாள்தோறும் கைகலப்பு. அந்தச் சண்டைகளை அவர் மறக்கவே இல்லை. பின்னாளில் அவர் வரைந்த சண்டைக் காட்சிகளில் அடிப்பவனின் உடல் முழுவதும் அந்த ஒரு குத்துக்குள் பாய்வதைப் பார்க்கலாம். பிராட் கலைக்கல்லூரியில் சேர்ந்து சில நாள்களிலேயே வெளியேறினார், வீட்டில் பணமில்லை. பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம் அது.

பதின்பருவம் முடியும் முன்பே வேலைக்குப் போனார். ஃப்ளெய்ஷர் அனிமேஷன் நிறுவனத்தில், பாப்பாய் படங்களில் இரண்டு அசைவுகளுக்கு இடைப்பட்ட படங்களை வரையும் வேலை. நீண்ட வரிசையில் மேசைகள். ஒரே மாதிரித் தாள்கள். தந்தையின் ஆடைத் தொழிற்சாலைதான் அவர் நினைவுக்கு வந்தது, விலகினார். வாழ்நாள் முழுவதும் அவர் தப்பிக்க முயன்றது அந்தத் தொழிற்சாலையிலிருந்துதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அதை அவர் எந்த அளவுக்குத் தாண்டினார் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பத்திரிகைத் துணுக்குச் சித்திரங்களை வெவ்வேறு பெயர்களில் வரைந்தவர், ஜாக் கிர்பி என்ற பெயரில் நிலைத்தார். ஜோ சைமன் என்பவரோடு கூட்டுச் சேர்ந்தார். இருவரும் உருவாக்கிய கேப்டன் அமெரிக்காவின் முதல் இதழ் 1940 டிசம்பரில் கடைகளுக்கு வந்தது. அதன் அட்டையில் நாயகன் ஹிட்லரின் முகத்தில் குத்துகிறான். அமெரிக்கா அப்போது போரில் இல்லை. பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு இன்னும் ஓராண்டு இருந்தது. போர் வேண்டாம் என்போரும், நாஜிகளுக்கு வெளிப்படையாகக் கொடி பிடிப்போரும் நியூயார்க்கிலேயே இருந்தனர். இரண்டு ஏழை யூத இளைஞர்கள் ஒரு பத்து சென்ட் புத்தகத்தின் அட்டையில் அந்தக் குத்தை விட்டார்கள்.

புத்தகம் பெரு வெற்றி பெற்றது. இலாபத்தில் ஒரு பங்கு தருவதாக வெளியீட்டாளர் மார்ட்டின் குட்மன் பேசியிருந்தார். வர வேண்டியது வரவில்லை என்று இருவரும் கருதினர். பத்து இதழ்களோடு விலகி, இன்று டிசி என்று அழைக்கப்படும் போட்டி நிறுவனத்துக்குச் சென்றனர். அப்போது அலுவலகத்தில் எடுபிடி வேலை செய்துகொண்டிருந்த ஒரு பதின்பருவத்து இளைஞர், குட்மன் மனைவியின் உறவினர். கேப்டன் அமெரிக்காவின் மூன்றாம் இதழில் பக்கம் நிரப்ப ஒரு சிறு உரைநடைக் கதையை எழுதினார். ஸ்டான் லீ என்று கையெழுத்திட்டார். சைமனும் கிர்பியும் போனபின் பதிப்பாசிரியர் நாற்காலி விரைவிலேயே அவருக்குக் கிடைத்தது.

1942-இல் கிர்பி ரோசலிண்டை மணந்தார். மறு ஆண்டு இராணுவ அழைப்பு வந்தது. 1944 ஆகஸ்டில் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கி, ஜெனரல் பேட்டனின் மூன்றாவது படையில் காலாட்படை வீரராகச் சேர்ந்தார். இவர் படம் வரைபவர் என்று அறிந்த அதிகாரி, படைக்கு முன்னால் ஊர்களுக்குள் நுழைந்து எதிரியின் நிலைகளை வரைந்துவர அனுப்பினார். திறமைக்குக் கிடைத்த பரிசு இப்படியும் இருக்கலாம். அவ்வாண்டுக் குளிர்காலத்தில் பனிக்கடியால் இரு பாதங்களையும் இழக்கும் நிலைக்குப் போய் மீண்டார். போரைப் பற்றிய கதைகளை அவர் வீட்டில் ஓயாமல் சொல்வார். கெட்ட கனவுகளும் அவரை விடவில்லை.

போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளை விரைவாகக் கடந்துவிடலாம். 1947-இல் சைமனும் அவரும் காதல் கதை காமிக்ஸ் என்ற புதிய வகையையே தொடங்கிவைத்தனர், நன்றாக விற்றது. 1954-இல் காமிக்ஸ் சிறுவர்களைக் கெடுக்கிறது என்று நாடாளுமன்றக் குழு விசாரித்தது, தொழில் சுருண்டது. அவர்கள் சொந்தமாகத் தொடங்கிய பதிப்பகமும் அந்தச் சூறையில் போயிற்று. ஒரு நாளிதழ்த் தொடரை ஒட்டி எழுந்த வழக்கில் தோற்றதால் டிசியின் கதவும் மூடியது. நான்கு பிள்ளைகளின் தந்தையாகப் போகிறவர், 1958 வாக்கில் குட்மனின் அலுவலகத்துக்கே திரும்பினார். அங்கே நிலைமை இன்னும் மோசம். விநியோக நிறுவனம் 1957-இல் சரிந்ததால், போட்டியாளரின் விநியோகத்தையே நம்பி மாதம் எட்டு இதழ்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டிய நிலை. இன்று உலகறிந்த மார்வெலின் தொடக்கப் புள்ளி இந்த முடக்கம்தான்.

போட்டியாளரின் சூப்பர் ஹீரோ குழு நன்றாக விற்பதைக் கண்ட குட்மன், நாமும் ஒரு குழுவைப் போடலாமே என்றார். நவம்பர் 1961 என்று தேதியிட்ட 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' முதல் இதழ் ஆகஸ்டிலேயே வெளிவந்தது. யாருடைய எண்ணம் இது என்பதில் லீயும் கிர்பியும் கடைசிவரை உடன்படவில்லை. நான் சாட்சியங்களைத்தான் பார்ப்பேன். 1957-இல் கிர்பி டிசிக்காக 'சேலஞ்சர்ஸ் ஆஃப் தி அன்நோன்' என்ற தொடரை வரைந்திருக்கிறார். விமான விபத்தில் உயிர் தப்பிய நால்வர், இனி வாழ்வது இரவல் நாள்கள் என்று கருதி ஆபத்துகளைத் தேடிப் போகிறார்கள். இங்கே ராக்கெட் விபத்தில் தப்பிய நால்வர். மறுபக்கம், அந்த நால்வரும் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிப் பேசும் பேச்சு, வாடகை பாக்கிக்காகக் கவலைப்படும் நாயகர்கள், வாசகரோடு பக்கத்து வீட்டுக்காரர்போல் உரையாடும் தொனி ஆகியவை கிர்பி தனியே எழுதிய எதிலும் அந்த அளவில் இல்லை. அது லீயின் கொடை. லீயைத் திருடர் என்று எழுதுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

முதல் தொகுதியின் தொடக்க இதழ்களை இன்று படித்தால் அவை அத்தனை அழகானவை அல்ல. முதல் இரு இதழ்களில் நாயகர்களுக்குச் சீருடைகூட இல்லை. 'தி திங்' என்ற பாறை மனிதன் அப்போது பிசைந்துவைத்த களிமண் உருண்டைபோல் இருக்கிறான். இதழ் நகர நகர அவன் உடல் செங்கற்களை அடுக்கியதுபோல் தகடு தகடாகத் திரள்கிறது. அவனுடைய முழுப்பெயர் பெஞ்சமின் ஜேக்கப் கிரிம் என்றானது. கிர்பியுடைய தந்தையின் பெயரும் கிர்பியின் பெயரும் அதில் அடுத்தடுத்து இருக்கின்றன. அவன் வளர்ந்த யான்சி தெரு, லோயர் ஈஸ்ட் சைடின் டிலான்சி தெருவின் நிழல். முரட்டு உடலுக்குள் அகப்பட்டுக்கொண்ட அந்த மனிதனிடம் தம்மைக் கண்டதாகக் கிர்பி ஒப்புக்கொண்டதுண்டு.

அவர்கள் வேலை செய்த முறையைச் சொன்னால்தான் பிறகு நடந்த வழக்கு விளங்கும். வழக்கமாக எழுத்தாளர் முழுக் கதையை எழுதித் தருவார்; ஓவியர் வரைவார். மார்வெலில் லீ ஒருவரே பல இதழ்களுக்கு எழுதியதால் நேரமில்லை. கதையின் சுருக்கத்தைப் பேசிக்கொள்வார்கள். சில வேளை ஒரு தொலைபேசி உரையாடல் போதும். கிர்பி வீட்டுக்குப் போய், லாங் ஐலண்டில் தம் வீட்டு நிலவறையில் அமர்ந்து, இருபது பக்கக் கதையை முழுவதுமாக வரைவார்; யார் எங்கே எப்போது என்ன செய்கிறார்கள் என்பதை ஓரத்தில் பென்சிலால் குறித்துவைப்பார். லீ அதைப் பார்த்து வசனம் எழுதுவார். சில ஆண்டுகளில் கிர்பி ஆயிரம் பக்கங்களுக்கு மேல் வரைந்திருக்கிறார். நாளொன்றுக்கு ஏறக்குறைய மூன்று பக்கம், விடுமுறை இல்லாமல். கதையைக் கட்டியதற்குத் தனி ஊதியம் கிடையாது. வரைந்த பக்கத்துக்கு இவ்வளவு என்ற கூலி மட்டுமே.

1966-இல் வந்த கேலக்டஸ் கதை இதற்குச் சிறந்த சான்று. கோள்களையே விழுங்கும் ஒரு பேருரு பூமிக்கு வருகிறது என்பது இருவரும் பேசிக்கொண்டது. வரைந்து வந்த பக்கங்களில், வான்வெளியில் அலைச்சறுக்குப் பலகைமேல் பாய்ந்துவரும் வெள்ளி நிற மனிதன் ஒருவன் இருப்பதைக் கண்டு லீ யாரென்று கேட்டார். இவ்வளவு பெரிய தெய்வத்துக்கு முன்னறிவிப்பாளன் ஒருவன் வேண்டாமா என்றார் கிர்பி. சில்வர் சர்ஃபர் பிறந்த இந்தக் கதையைப் பலமுறை சொன்னவர் லீயேதான். அடுத்த சில மாதங்களில் பிளாக் பாந்தர் வருகிறான்; தொழில்நுட்பத்தில் உலகை விஞ்சிய ஓர் ஆப்பிரிக்க நாட்டின் அரசன். குடியுரிமைப் போராட்டம் தெருக்களில் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. இத்தனையும் என் மூன்றாம் தொகுதி ஒன்றிலேயே அடங்கிவிடுகிறது. ஆற்றல் வெடிப்பதைக் காட்ட அவர் கையாண்ட கரும்புள்ளிக் கூட்டங்கள், புகைப்படங்களை வெட்டி ஒட்டி அமைத்த விண்வெளிகள் எல்லாம் கறுப்பு வெள்ளைக்காகவே திட்டமிட்டவைபோல் இருக்கின்றன.

அதே ஆண்டின் தொடக்கத்தில் நியூயார்க் ஹெரால்ட் டிரிபியூன் நாளிதழ் மார்வெலைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. லீயை வசீகரமான மேதையாகவும், கிர்பியை உள்ளாடைத் தொழிற்சாலையின் துணைக் கண்காணிப்பாளர்போன்ற தோற்றமுடைய ஓர் ஆளாகவும் அது சித்திரித்தது. தையல் தொழிலாளியின் மகன் அதைப் படித்தார். எழுதியவர் லீ அல்லர். இருந்தாலும் காயம் ஆறவில்லை. ஆண்டின் பிற்பகுதியில், எழுதியவர், வரைந்தவர் என்ற பிரிவு நீங்கி, இருவர் பெயரும் சேர்ந்து உருவாக்கியோர் என்ற முறையில் இதழ்களின் முதல் பக்கத்தில் வரத் தொடங்கியதைத் தொகுதியில் காணலாம். காமிக்ஸ் உலகில் மை தீட்டியவர், எழுத்துப் பொறித்தவர் வரை பெயர் போடுவதை வழக்கமாக்கியவர் லீ என்பதையும் மறைக்கக் கூடாது. கிர்பிக்கு வேண்டியிருந்தது பெயர் மட்டுமன்று.

இந்த இடத்தில் என் சொந்தக் கணக்கு ஒன்றும் குறுக்கிடுகிறது. 1990-களில் இளங்கலை மாணவர்களுக்காக நுண்ணினப் பொருளியல் பாடநூல் ஒன்றை எழுதினேன். பதிப்பாளர் ஒரே தவணையில் ஒரு தொகையைக் கொடுத்தார். நீட்டிய தாளில் கையெழுத்திட்டேன். புத்தகம் பதினைந்து ஆண்டுகள் விற்றது. பேரத்தின் வலிமை, தகவல் சமனின்மை என்று வகுப்பில் பக்கம் பக்கமாகப் பாடம் நடத்திய எனக்கு அந்தத் தாளைப் படித்துப் பார்க்கத் தோன்றவில்லை. நெடுங்காலம் இதைச் சொல்லிக் குறைபட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அதற்கும் முன்பு, நெசவாளர் குடும்பங்களின் கடன்பற்றி நான் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றுண்டு. என் பெயருக்குப் பதவி உயர்வு வாங்கித் தந்த கட்டுரை அது. வீடு வீடாக ஏறி இறங்கியவரும், கேள்விகளைக் களத்தில் மாற்றியமைத்தவரும், கடனுக்குள் கடன் ஒளிந்திருக்கும் விதத்தை முதலில் கண்டு என்னிடம் சொன்னவரும் என் மாணவர் ஒருவர். அவருக்கு அடிக்குறிப்பில் ஒரு வரி நன்றி தெரிவித்திருக்கிறேன். கிர்பியின் பக்கங்களை மறுபடி படித்தபோது, நான் எந்த நாற்காலியில் இருக்கிறேன் என்ற கேள்வி எழுந்தது. லீக்கு நான் காட்டும் பரிவுக்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

1968-இல் குட்மன் நிறுவனத்தை விற்றார். வாங்கியவர்களுக்கு லீ வேண்டியவர். கிர்பிக்கு அவ்வளவு பாதுகாப்பு கிடைக்கவில்லை. 1970-இல் நீட்டப்பட்ட ஒப்பந்தம் ஏற்கத்தக்கதாக இல்லாததால், நூற்றிரண்டு இதழ்கள் தொடர்ந்து வரைந்த 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' தொடரை விட்டு டிசிக்குப் போனார். அங்கே தாமே எழுதி, தாமே வரைந்து, ஒன்றோடொன்று பின்னிய புதிய தொடர்களைத் தொடங்கினார்: 'நியூ காட்ஸ்', 'ஃபாரெவர் பீப்பிள்', 'மிஸ்டர் மிராக்கிள்'. மனிதரின் விருப்பாற்றலையே அழிக்கும் சூத்திரத்தைத் தேடும் டார்க்சைட் என்ற கொடுங்கோலன் அவற்றின் மையம். ஹிட்லரைக் குத்திய கை மறுபடி அந்த முகத்தைத் தேடியதுபோல் இருக்கும். வசனங்கள் கரடுமுரடானவை, லீ இல்லாத குறை தெரியும். ஆனாலும் அவற்றின் வீச்சு பெரிது. டிசி நிர்வாகமோ, அவர் வரைந்த சூப்பர்மேனின் முகம் தங்கள் வழக்கத்துக்கு ஒத்துவரவில்லை என்று வேறு ஓவியர்களைக் கொண்டு தலையை மட்டும் மாற்றி வரையச் செய்தது. கதை முடியும் முன்பே 1972-இல் 'நியூ காட்ஸ்' நிறுத்தப்பட்டது. 1998-இல் டிசியும் அதைக் கறுப்பு வெள்ளையில், சாம்பல் சாயல் சேர்த்து, மலிவுத் தொகுதியாகப் போட்டது. என்னிடமுள்ள ஐந்தாவது தொகுதி அதுதான்.

1975-இல் மறுபடி மார்வெல். மூன்றாண்டுகளில் மறுபடி விலகல். பிறகு கலிஃபோர்னியாவில் தொலைக்காட்சி அனிமேஷன் நிறுவனங்களுக்கு வரையச் சென்றார். இளமையில் எந்த வேலையைத் தொழிற்சாலை என்று வெறுத்து ஓடினாரோ, அந்த வேலைதான் அறுபது வயதில் அவருக்கு நல்ல ஊதியத்தையும் மருத்துவக் காப்பீட்டையும் தந்தது.

1980-களின் நடுவில் அசல் ஓவியப் பக்கங்களை ஓவியர்களிடம் திருப்பித் தர மார்வெல் முன்வந்தது. மற்றவர்கள் ஒரு பக்க உறுதிமொழியில் கையெழுத்திட்டால் போதும். கிர்பிக்கு மட்டும் நான்கு பக்கத் தாள். பாத்திரங்களின்மேல் எந்தக் காலத்திலும் உரிமை கோர மாட்டேன் என்று அவர் எழுதித் தர வேண்டும். அப்படித் தந்தால், ஆயிரக்கணக்கில் வரைந்தவருக்குக் கிடைக்கவிருந்தவை 88 பக்கங்கள். அவர் மறுத்தார். சக ஓவியர்களும் எழுத்தாளர்களும் அவருக்காகக் கையெழுத்து இயக்கம் நடத்தினர். 1987-இல் ஏறத்தாழ இரண்டாயிரம் பக்கங்கள் வந்து சேர்ந்தன. எஞ்சியவை எங்கெங்கோ போய்விட்டன. ஒன்றிரண்டு அவ்வப்போது ஏலத்தில் தலைகாட்டுகின்றன. பத்து சென்டுக்கு விற்ற 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' முதல் இதழின் நல்ல பிரதி ஒன்று இன்று பத்து இலட்சம் டாலரைத் தாண்டி விலைபோகிறது.

1994 பிப்ரவரி 6-இல் தௌசண்ட் ஓக்ஸ் நகரில் தம் இல்லத்தில் கிர்பி காலமானார். வயது 76.

2009-இல் டிஸ்னி நிறுவனம் ஏறக்குறைய 400 கோடி டாலருக்கு மார்வெலை வாங்கியது. அதே ஆண்டு கிர்பியின் வாரிசுகள், பதிப்புரிமையைத் திரும்பப் பெறுவதாக நாற்பத்தைந்து அறிவிக்கைகளை அனுப்பினர். வழக்கின் மையம் ஒரு பொருளாதாரக் கேள்வி: பக்கங்கள் உருவானபோது இடர்ப்பாட்டைச் சுமந்தவர் யார்? புத்தகம் விற்காவிட்டாலும் கிர்பிக்குக் கூலி உண்டு, நட்டம் தங்களுக்கே என்றது நிறுவனம். வீட்டில் அமர்ந்து, தம் காசில் வாங்கிய தாளிலும் பென்சிலிலும் வரைந்தார், திருப்பி அனுப்பிய பக்கத்துக்குக் கூலி கிடையாது, காப்பீடு கிடையாது, ஓய்வூதியம் கிடையாது என்றது குடும்பம். 2011-இல் மாவட்ட நீதிமன்றமும் 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கம் நின்றன. பழைய சட்டத்தின் சொற்களைப் பார்த்தால் தீர்ப்பில் பிழை சொல்வது கடினம். ஆனால் இடர்ப்பாட்டைச் சுமப்பவருக்கே முழு ஆதாயமும் என்ற வாதத்தை வகுப்பறையில் நான் முன்வைத்திருந்தால், கடைசி வரிசை மாணவர்கூட எழுந்து கேட்டிருப்பார்: மூன்று பதிப்பகங்கள் கண்முன் மூழ்கியதைப் பார்த்துவிட்டு, நான்கு பிள்ளைகளோடு நிலவறையில் இரவெல்லாம் வரைந்தவர் சுமந்ததற்கு என்ன பெயர் என்று. உச்ச நீதிமன்றம் இதை ஏற்பதா என்று பரிசீலிக்கவிருந்த நாள்களுக்குச் சற்றுமுன், 2014 செப்டம்பரில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. விவரம் வெளிவரவில்லை. அதன்பின் அவர் பெயர் படைப்பாளர் என்ற தகுதியில் இதழ்களிலும் திரையிலும் முறையாக இடம்பெறத் தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால், திரைப்பட இலாபத்தில் தம் பங்கு வரவில்லை என்று 2002-இல் அதே நிறுவனத்தின்மேல் லீயும் வழக்குத் தொடுக்க நேர்ந்தது. அவருக்கு ஒரு கோடி டாலர் கிடைத்தது.

என் தொகுதிகள் அதற்கெல்லாம் முன்பே அச்சானவை. தாள் பழுப்பேறிவிட்டது. மூன்றாம் தொகுதியின் முதுகு பிளந்து, 51-ஆம் இதழின் பக்கங்கள் கையோடு வந்துவிடுகின்றன.

சென்ற மாதம் அந்தப் பழைய மாணவரின் முகவரியைத் தேடிப் பிடித்து ஒரு கடிதம் எழுதினேன். அவரும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அந்தக் கட்டுரையில் அவர் பெயர் எங்கே இருந்திருக்க வேண்டும் என்பதை எழுதியிருந்தேன். அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. என் உடல்நலத்தை விசாரித்திருந்தார். நெசவாளர் வீடுகளில் அவர் கைப்பட நிரப்பிய கணக்கெடுப்புப் படிவங்கள் அத்தனையும் ஒரு தகரப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றனவாம். நான் அவற்றைத் திருப்பிக் கேட்கவே இல்லை என்று எழுதியிருந்தார்.